டாஸ்மேனியாவில் ஒரு குரங்குக் குல்லா

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். மலருக்காகச் செயலாளர் கேட்டு வாங்கியது.)



செயலாளர் அவர்கள் என்னைப் பேசச் சொன்னபோது "பம்ப் பராமரிப்பில் நவீன முறைகள்" என்று தலைப்பும் சேர்த்தே கொடுத்தார். இப்போது மணி பன்னிரண்டே முக்கால். கீழே சமையல் வாசனை வர ஆரம்பித்துவிட்டது. இந்த நேரத்தில் மெக்கானிக்கல் சீல் பற்றிப் பேசினால் என்னை ஹாஸ்டல் கிணற்றில் தள்ளிவிடுவீர்கள். ஆகவே அவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, ஊர் சுற்றிய கதை ஒன்று சொல்கிறேன். டாஸ்மேனியா போன கதை. பின்வரிசையில் யாரோ சிரிக்கிறார்கள். டாஸ்மாக் இல்லைங்க, டாஸ்மேனியா. ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே இருக்கிற தீவு.

என் கம்பெனி என்னை இரண்டு வருஷம் மெல்பர்னுக்கு அனுப்பியிருந்தது. 2023 நவம்பர் கடைசியில் என் பழைய ரூம்மேட் லீவு போட்டுவிட்டு அங்கே வந்து இறங்கினான். பெயரைச் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். முன்வரிசை, நீலச் சட்டை. படிக்கிற காலத்தில் ஹாஸ்டல் மொட்டைமாடியில் படுத்துக்கொண்டு, "மாப்ளே, ஒரு நாள் முதுகுல பையை மாட்டிக்கிட்டு எங்கயாச்சும் கிளம்பிடணும்டா" என்று எத்தனையோ தடவை பேசியிருக்கிறோம். கடைசியில் போனது வால்பாறை மட்டும். அதுவும் அன்று ராத்திரியே திரும்பிவிட்டோம். பதினான்கு வருஷம் கழித்துத்தான் நிஜமாகப் பையை மாட்டினோம். முப்பத்தாறு வயதில் அந்தப் பை இரண்டு மடங்கு கனக்கும் என்பதை முதல் மாடிப்படியிலேயே தெரிந்துகொண்டோம்.

அவன் பையில் கூடாரம், பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், மெல்பர்ன் கடையில் வாங்கிய எலுமிச்சம்பழம், கறிவேப்பிலை, இவற்றோடு ஒரு குரங்குக் குல்லா. "அங்கே இப்போ கோடைக்காலம்மா" என்று அவன் எவ்வளவோ சொல்லியும் கேட்காமல், பழுப்பு நிறக் கம்பளிக் குல்லாவை அவன் அம்மா உள்ளே திணித்து அனுப்பியிருந்தார்கள். இந்தக் குல்லாவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மெல்பர்னிலிருந்து ஜீலாங் வரை ரயில். அங்கிருந்து டெவன்போர்ட்டுக்கு 'ஸ்பிரிட் ஆஃப் டாஸ்மேனியா' என்ற ராத்திரிக் கப்பல். அறை எடுத்தால் காசு ஜாஸ்தி என்று சாய்வு நாற்காலி டிக்கெட் எடுத்தோம். நடுவில் இருக்கிற பாஸ் நீரிணை சுமார் 240 கிலோமீட்டர் அகலம். ஆழம் குறைவு என்பதால் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும்பும். நான் தூங்கிவிட்டேன். நீலச் சட்டைக்காரர் அன்று சாப்பிட்டதையெல்லாம் கடல் எடுத்துக்கொண்டது. மிச்சமிருந்த எலுமிச்சம்பழத்தையும் கறிவேப்பிலையையும் சோதனைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். பழமோ காயோ செடியோ அந்தத் தீவுக்குள் கொண்டுபோக முடியாது. மோப்ப நாய் வைத்துத் தேடுகிறார்கள். "ஒரு கொத்து கறிவேப்பிலைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று அவன் அலுத்துக்கொண்டான். எனக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது.

டாஸ்மேனியா இலங்கையைவிடக் கொஞ்சம்தான் பெரியது. இலங்கையில் இரண்டு கோடிக்கு மேல் ஜனங்கள், இங்கே ஆறு லட்சத்துக்கும் குறைவு. ஒரு காலத்தில் இது தீவே இல்லை, ஆஸ்திரேலியாவோடு நிலத்தால் ஒட்டியிருந்தது. பனியுகம் முடிந்து கடல் மட்டம் ஏறியபோது, சுமார் 12,000 வருஷத்துக்கு முன், பாலம் முழுகிவிட்டது. அதற்கு வெகுகாலம் கழித்துத்தான் ஆசியாவிலிருந்து மனிதர்களோடு டிங்கோ நாய் ஆஸ்திரேலியாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அது கடலைத் தாண்டி இந்தப் பக்கம் வரவில்லை. வெள்ளைக்காரன் கொண்டுவந்த நரியும் இங்கே வேரூன்றவில்லை. அதனால் பெரிய நிலத்தில் அழிந்துபோன பிராணிகள் பல இங்கே மட்டும் தப்பித்துக்கொண்டன. நம்ம பாஷையில் சொன்னால், மெயின் லைனில் போன சரக்குக்கு இது ஒன்றுதான் ஸ்டோர் ரூம். இன்னொரு ஸ்டோர் ரூம் கிடையாது.

பஸ்ஸிலேயே சுற்றலாம் என்பது எங்கள் திட்டம். விசாரித்தால் காட்டுப் பக்கம் பஸ் என்பது அபூர்வம். ஆகவே டெவன்போர்ட்டில் ஒரு பழைய சின்னக் காரை வாடகைக்கு எடுத்தோம். சாவி கொடுத்த பெரியவர் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, பொழுது சாய்ந்த பிறகு விடியும் வரை ஓட்டாதீர்கள். இரண்டு, தப்பித் தவறி ஏதாவது அடிபட்டால் வண்டியை நிறுத்தி வயிற்றுப் பையைப் பாருங்கள். விலங்கு மீட்புக்காரர்களின் நம்பர் அச்சடித்த ஒரு அட்டையைக் கொடுத்தார். நான் அதை டாஷ்போர்டில் போட்டு மூடினேன்.

முதலில் பர்னி ஊர் ஓடையில் பிளாட்டிபஸ். முட்டையிட்டுப் பால் கொடுக்கும், வாத்து மூக்கு, நீர்நாய் உடம்பு. 1799-இல் ஜார்ஜ் ஷா என்ற ஆங்கிலேய அறிஞர் இதன் பாடம் பண்ணிய உடலைப் பார்த்துவிட்டு, யாரோ ஒட்டுப்போட்டு ஏமாற்றுகிறார்களோ என்று சந்தேகப்பட்டார். ஒன்றேகால் மணி நேரம் கொசுக்கடியில் உட்கார்ந்து அரை நிமிஷம் பார்த்தோம். போதும்.

அங்கிருந்து கிரேடில் மலை. சாயங்காலம் ரோனி க்ரீக் என்ற புல்வெளியில் பலகைப் பாதை ஓரமாக நின்றால் வாம்பட்டுகள் வளையிலிருந்து எழுந்து வரும். ஒவ்வொன்றும் கால் முளைத்த அரிசி மூட்டை மாதிரி. நாம் நிற்பதை அது ஒரு பொருட்டாகவே நினைக்காது. நம்ம மெஸ் கான்ட்ராக்டர் மாணவர்கள் நடுவே நடந்து போவாரே, அதே தோரணை. கங்காருவுக்கு வயிற்றுப் பை முன்பக்கம் திறக்கும். இதற்குப் பின்பக்கம் திறக்கும். மண் தோண்டுகிற ஜீவன் ஆயிற்றே, குட்டி மேல் மண் விழக்கூடாது.

இதற்கு மேல் நான் சொல்லப்போவதற்குத் தாய்மார்கள் மன்னிக்க வேண்டும். வாம்பட் போடுகிற புழுக்கை சதுரக் கட்டி. நிஜமான கனசதுரம். நீலச் சட்டைக்காரன் ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தான், இரண்டு சென்டிமீட்டர். எந்த அச்சும் இல்லாமல், வட்டமான குழாயிலிருந்து சதுரம் எப்படி வரும்? மெஷின் டிசைன் வகுப்பில் தூங்கின இரண்டு பேரும் அன்று ராத்திரி கூடாரத்தில் இதைப் பற்றியே பேசினோம். பட்ரீசியா யாங், டேவிட் ஹூ, டாஸ்மேனியப் பல்கலைக்கழகத்து ஸ்காட் கார்வர் ஆகியோர் அடங்கிய குழு இதை ஆராய்ந்து 2019-இல் இக் நோபல் பரிசு வாங்கியிருக்கிறது. குடலின் கடைசிப் பகுதியில் சுவர் ஒரே சீராக இல்லை. சில இடம் விறைப்பு, சில இடம் தொளதொளப்பு. தண்ணீர் வற்றி இறுகிக்கொண்டே வரும்போது அந்த ஏற்றத்தாழ்வான அழுத்தத்தில் மூலை விழுகிறது. எக்ஸ்ட்ரூஷன் டை வடிவமைக்கிறவர்கள் கவனிக்கவும்.

அடுத்த இரண்டு நாள் மேற்குப் பக்கம். குவீன்ஸ்டவுனில் தாமிரம் உருக்குவதற்காக மரத்தையெல்லாம் வெட்டி, கந்தகப் புகையில் மீதியும் கருகி, மலைகள் மொட்டையாக நிற்கின்றன. அதைத் தாண்டி வளைந்து வளைந்து ஹோபார்ட்.

ஹோபார்ட் மியூசியத்தில் ஒரு அறை. டாஸ்மேனியப் புலி என்று பெயர். உண்மையில் புலியுமில்லை, நாயுமில்லை, முதுகில் வரி போட்ட, வயிற்றில் பையுள்ள ஒரு வேட்டைப் பிராணி. தைலசின் என்பார்கள். ஆட்டைத் தின்கிறது என்று 1888-இலிருந்து 1909 வரை அரசாங்கமே தலைக்கு ஒரு பவுன் இனாம் கொடுத்தது. மொத்தம் 2,184 இனாம். கணக்குப் பிள்ளை சுத்தமாக எழுதி வைத்திருக்கிறார். கடைசியில் 1936 ஜூலை 10-ஆம் தேதி இதைப் பாதுகாக்க உத்தரவு போட்டார்கள். ஹோபார்ட் மிருகக்காட்சிசாலையில் இருந்த கடைசி ஜீவன் அதே வருஷம் செப்டம்பர் 7-ஆம் தேதி செத்துப்போனது. 59 நாள். அங்கே ஓடுகிற பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் அது கூண்டுக்குள் திரும்பித் திரும்பி நடக்கிறது. நான் மூன்று தடவை பார்த்தேன். ரூம்மேட் வெளியே போய் நின்றுகொண்டான்.

ஹோபார்ட்டுக்குத் தெற்கே கெட்டரிங்கில் கார் ஏறுகிற சின்னப் படகு. இருபது நிமிஷத்தில் புரூனி தீவு. இரண்டு துண்டு நிலத்தை ஒரு மெல்லிய மணல் கழுத்து இணைக்கிறது. அந்த மேட்டுக்கு ஏறும் படிகளுக்கு ட்ருகனினி என்ற பெண்ணின் பெயர். இந்தத் தீவில் பிறந்த ஆதிக்குடிப் பெண். 1876-இல் இறந்தார். புதைத்த உடலைத் தோண்டியெடுத்து, எலும்புக்கூட்டை 1947 வரை ஹோபார்ட் மியூசியத்தில் காட்சிக்கு வைத்திருந்தார்கள். 1976-இல்தான் எரியூட்டிச் சாம்பலை இந்தக் கடலில் தூவினார்கள். இவரோடு அந்த ஜனமே அழிந்துவிட்டதாகப் புத்தகங்களில் எழுதினார்கள், அது பொய். அவர்கள் இன்றும் இருக்கிறார்கள், தங்கள் தீவை லுட்ருவிட்டா என்றே அழைக்கிறார்கள். புலிக்கு இனாம் கொடுத்த அதே தீவின் சரித்திரம்தான் இதுவும்.

படிக்குக் கீழே, இருட்டிய பிறகு, சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச்சோடு காத்திருந்தோம். முதலில் அலையில் ஏதோ கறுப்பாகக் கூடி நின்றது. பிறகு ஒன்று தைரியமாக முன்னே வந்தது, மற்றவை பின்னாலேயே ஓடி வந்தன. ஒரு அடி உயரப் பென்குயின்கள். நாள் முழுக்க மீன் பிடித்துவிட்டுக் குஞ்சுகளுக்குச் சோறு கொண்டுவருகின்றன. தலைக்கு மேலே வடகோளத்தின் கோடியிலிருந்து வருஷா வருஷம் வந்து இதே மணலில் முட்டையிடும் ஷியர்வாட்டர் பறவைகள். எங்கள் கால் பக்கத்தில் ஒரு பென்குயின் நின்று சட்டையை உதறுவது மாதிரி உதறிக்கொண்டு வளைக்குள் போனது. "ஷிஃப்ட் முடிஞ்சு வீட்டுக்கு வர்றான்டா" என்றான் அவன்.

இதைப் பார்த்துவிட்டு மரியா தீவுக்குப் போனதால்தான் அங்கே எங்களுக்கு அவ்வளவு உறைத்தது.

கிழக்குக் கரையில் ட்ரையபன்னா என்ற ஊரிலிருந்து படகு. தீவில் கடை இல்லை, சாப்பாடு இல்லை, வண்டி இல்லை. துறையிலேயே ஒரு பழைய சிமெண்ட் ஆலையின் கோபுரங்கள் நிற்கின்றன. தங்குவது டார்லிங்டனில், கைதிகளை அடைத்த ஜெயில் கட்டடத்தில். கரண்ட் கிடையாது, கட்டையை எரித்துக் குளிர்காய வேண்டும். காசு கொடுத்து ஜெயிலில் படுத்தோம். வாசலில் வாம்பட் மேய்கிறது. செல்ஃபி குச்சியோடு அதைத் துரத்த மாட்டேன் என்று வருகிறவர்கள் உறுதிமொழி எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அங்கே சம்பிரதாயம்.

டாஸ்மேனியன் டெவில் என்ற பிராணியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சின்ன நாய் அளவு, கறுப்பு, மார்பில் வெள்ளைப் பட்டை, எலும்பைக் கடித்து நொறுக்கும் தாடை. 1996-இல் இவற்றின் முகத்தில் கட்டி வருவதை முதன்முதலில் பார்த்தார்கள். புற்றுநோய். சாதாரணமாகப் புற்றுநோய் ஒட்டுவதில்லை, இது ஒட்டும். ஒன்றையொன்று முகத்தில் கடிக்கும்போது புற்று செல்லே இடம் மாறுகிறது. வாய் கட்டிப்போய்ப் பட்டினியில் சாகும். நோய் பரவிய பல இடங்களில் பத்தில் எட்டுக்கு மேல் போய்விட்டன. ஆகவே நோயில்லாத ஒரு கூட்டத்தைத் தனியாக வைக்க வேண்டும் என்று, 2012-லும் 2013-லுமாக 28 டெவில்களை மரியா தீவில் கொண்டுவந்து விட்டார்கள். அதற்கு முன் அங்கே டெவிலே கிடையாது. பம்ப் ஹவுஸ்காரன் பார்வையில் இது அருமையான யோசனை. ஓடுகிற பம்ப் பழுதானால் ஸ்டாண்ட்-பை வேண்டாமா? நானாக இருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

திட்டம் ஜெயித்தது. நோய் வரவில்லை. சில வருஷத்தில் சுமார் நூறாகப் பெருகின.

ஆனால் 2012-இல் மரியா தீவில் 3,000 ஜோடிப் பென்குயின்கள் இருந்தன. 2021-இல் பேர்ட்லைஃப் டாஸ்மேனியா அமைப்பு அறிவித்தது, ஒன்றுகூட இல்லை என்று. தரையில் வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கிற பறவைக்கு டெவில் வந்தால் எங்கே போகும்?

அன்று ராத்திரி ஜெயில் ஜன்னல் வழியாக அதன் அலறலைக் கேட்டோம். வெள்ளைக்காரன் பிசாசு என்று பேர் வைத்ததில் தப்பே இல்லை. டார்ச் அடித்தால் புல் ஓரமாக ஒன்று குதித்துக் குதித்து ஓடியது. மினுமினுவென்று கறுப்பு, முகத்தில் ஒரு காயமில்லை. உலகத்தில் அருகிப்போன ஜீவனை அதன் ஆரோக்கியத்தோடு பார்க்கிறோம், சந்தோஷப்படத்தான் வேண்டும். பட்டோம். விடியற்காலை கடற்கரைக்குப் போனோம். மணல் சுத்தமாக இருந்தது. ஒரு சின்னக் கால் தடம் இல்லை. "எதுடா சரி?" என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

சாயங்காலப் படகில் ட்ரையபன்னா திரும்பி, ஆறரைக்குக் கிளம்பி, 90 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பிஷனோவுக்கு வெளிச்சத்திலேயே போய்ச் சேருவது என்று ஏற்பாடு. சரியாக ஆறரைக்கு ஆபீஸிலிருந்து போன். ஒரு பம்ப்பில் சீல் போய்விட்டது. எடுக்காமல் இருந்திருக்கலாம். ஒன்றே முக்கால் மணி நேரம் பேசினேன். நான் இல்லாவிட்டால் அந்த ஆலையே நின்றுவிடும் என்று நினைப்பு. முடித்தபோது எட்டேகால், பொழுது சாய்ந்துகொண்டிருக்கிறது.

"வேணாம்டா, இங்கேயே டெண்ட் போட்டுப் படுத்துட்டு காலையில போவோம்" என்றான். பிஷனோவில் கட்டில் காசு எழுபது டாலர் கட்டியாகிவிட்டது, திரும்பத் தர மாட்டான் என்றேன் நான். மெதுவாகப் போனால் ஒன்றும் ஆகாது என்றேன். கொஞ்ச நேரம் மெதுவாகத்தான் போனேன்.

ஸ்வான்சிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது இடப்பக்கப் புதரிலிருந்து ஏதோ துள்ளியது. பிரேக் போட்டேன். டொக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

பேடிமெலன் என்கிற குட்டைக் கங்காரு இனம், பெரிய முயல் அளவு. ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் இது அழிந்து போய்விட்டது. இந்தத் தீவில்தான் இருக்கிறது. செத்துக் கிடந்தது. எனக்குக் கை நடுங்கியது. அவன்தான் அட்டையை எடுத்தான், அவன்தான் குனிந்து வயிற்றுப் பையைத் தொட்டான். "மாப்ளே, உள்ளே அசையுதுடா."

சிக்னல் ஒரு கோடு. போனில் வந்த பெண்மணி நிதானமாகக் கேட்டார். மயிர் முளைத்திருக்கிறதா? காம்பைக் கவ்வியிருக்கிறதா? கவ்வியிருந்தால் இழுக்காதீர்கள், தாயோடு கொண்டுவாருங்கள். கவ்வவில்லை என்றால் எடுத்துக் கம்பளியில் சுற்றி, இருட்டாக, சூடாக, சத்தமில்லாமல் வையுங்கள். பால் தண்ணீர் எதுவும் கொடுக்காதீர்கள்.

கம்பளிக்கு எங்கே போவது? குரங்குக் குல்லாதான். தலை வைக்கிற இடத்தில் குட்டியை இறக்கி, தன் சட்டைக்குள் போட்டுப் பட்டனை மாட்டிக்கொண்டான். பிறகு அவர் சொன்னபடியே செத்த தாயை ரோட்டிலிருந்து தூக்கி நன்றாக உள்ளே தள்ளிக் கிடத்தினோம். ரோட்டிலேயே கிடந்தால் அதைத் தின்ன டெவில் வரும், அடுத்த வண்டியில் அதுவும் அடிபடும். அது நான் செய்த வேலை. அந்தக் கனம் இன்னும் கையில் இருக்கிறது.

ஸ்வான்சியில் ஒரு பெட்ரோல் பங்க் விளக்கடியில் அந்த அம்மா காத்திருந்தார். எங்கள் அம்மாக்கள் வயது. குல்லாவுக்குள் எட்டிப் பார்த்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எத்தனை மணிக்கு அடித்தீர்கள், என்ன வேகம் என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு குட்டியைக் குல்லாவோடு தன் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். நாங்கள் அங்கேயே ஒரு மைதானத்து ஓரம் காரிலேயே படுத்தோம். எழுபது டாலர் போனது போனதுதான்.

மூன்றாம் நாள் லான்செஸ்டனில் இருக்கும்போது ஒரு செய்தி வந்தது, குட்டி பால் குடிக்கிறது என்று. இப்படி வளர்க்கிற குட்டிகளைச் சில மாதம் கழித்துக் காட்டில் விடுவார்கள். எங்கள் குட்டியை விட்டார்களா என்று நான் இன்னும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது என்பதுதான் உண்மை. நம்பர் இந்த போனிலேயே இருக்கிறது.

ஊருக்குத் திரும்பியதும் பெட்டியைப் பிரித்த அவன் அம்மா முதலில் கேட்டது, "குல்லா எங்கேடா?" இவன் நடந்ததைச் சொல்லியிருக்கிறான். அவர்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நல்லாத் துவைச்சுத்தானே வச்சிருந்தே?" என்று கேட்டார்களாம். அம்மாவும் இன்று வந்திருக்கிறார்கள், மூன்றாவது வரிசையில், அதே நிறத்தில் புதுக் குல்லா ஒன்று பின்னிக்கொண்டு.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டார்கள்.